எதிர் நாற்காலி

அன்பு அம்மாவுக்கு, பாரிஸிலிருந்து அஸ்லானின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று வேலைக்கு லீவு. தனியாக ஊர் சுற்றினேன். மியூசியத்தில் ஓவியங்களில் இருந்த ராஜாக்கள் எல்லாம் பாஸ்போர்ட் படத்துக்கு நின்றவர்கள் போல முறைத்தார்கள். பிறகு பிரெஞ்சு உணவகத்துக்குப் போனேன். ஒரு பெரியவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்மூர் பாடாங் செராயில் நம் சாப்பாட்டுக் கடைக்குத் தனியாக வருகிறவர் எதிரில் அத்தா உட்கார்ந்து பேசுவாரே, அந்தப் பழக்கத்தில் நானும் அந்தப் பெரியவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பணப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெயிட்டர் என்னை வேறு மேசைக்கு மாற்றினார். எனக்கென்ன திருட்டு முழியா, சொல்லுங்கள்.

கிளம்பிய அன்று "போறவன் போகட்டும்லா" என்ற அத்தா இன்னும் என்னிடம் பேசவில்லை. மீன் மசாலா இரண்டு பாக்கெட் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் சாப்பிடும்போது அத்தாவை எதிரில் உட்கார வையுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது.
அஸ்லான்