கதவுக்கு ஒரு பெயர்ப்பலகை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம், சமையலறைக் குழாய்க்குத்தான் உடம்பு சரியில்லை. நீயும் அந்தத் தூர தேசத்து ஒற்றை அறையில் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எதையும் நீ எனக்கு விட்டுவைக்கவில்லை. குழாயை உன் அப்பா தன் கையாலேயே சரிசெய்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து கிடந்தார். இப்போது அது மூடினால் ஒழுகுகிறது, திறந்தால் யோசிக்கிறது. குழாய்க்காரரைக் கூப்பிடலாம் என்றால் கோபம் வருகிறது, இன்னும் கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும் என்கிறார், குழாயா நாமா என்று நான் கேட்கவில்லை. சின்னவன் உன் அறைக்குக் குடிபோய்விட்டான், பரீட்சை வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனான், பரீட்சை முடிந்தபிறகு சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. உன் துணிகளை மேல் தட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன், ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வாரம் பேசும்போது நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா. உன் கம்பெனியிலிருந்து வந்த வரவேற்புப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், அதெல்லாம் சும்மா ஷோ, யாரு கேட்டா என்றாய். அம்மா பார்க்கிற வேலையே அதுதான் என்பது உனக்கு அந்த நிமிடம் மறந்துபோயிருக்கும். கோபமில்லை, நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரு பெட்டி போகவேண்டும். ஒரு தண்ணீர் பாட்டில், நோட்டு, பேனா, தொப்பி வைத்த பனியன், ஒரு ஜோடி காலுறை, வாசனை மெழுகுவத்தி. இவற்றோடு ஓர் அட்டை, அதில் எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம் என்று கையால் எழுதியிருக்க வேண்டும், அந்தக் கை என்னுடையது. தலைமை அதிகாரியின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதாம், என்னுடையதுதான் அன்பாக இருக்கிறதாம். இந்த வருடத்தில் மட்டும் எத்தனையோ பேரைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டேன், ஒரு முகமும் தெரியாது. பொருள்கள் ஆடாமலிருக்கப் பெட்டியின் அடியில் மெத்தை போலக் காகிதத் துருவல் போடுவோம், அது எங்கிருந்து வருகிறது என்று ரிப்பன் கட்டுகிற அக்காவைக் கேட்டேன். வேலை கிடைக்காதவர்களுடைய விண்ணப்பங்களை இயந்திரத்தில் கொடுத்து அரைத்ததாம், வீணாக்கக் கூடாது பார் என்றாள்.

எங்கள் பிரிவின் மேலாளரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. உன்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருப்பார், மனதுக்குள் தம்பி, வாயில் சார். பெட்டியைத் திறக்கும் அனுபவம், காகிதத்தை விலக்கும் அனுபவம் என்று எதற்கும் அனுபவம் சேர்த்துப் பேசுவதால் எங்கள் மேசையில் அவருக்கு அனுபவம் சார் என்றே பெயர். மெல்லிய தாள் இளநீலமா வெளிர்பச்சையா என்று மூன்று கூட்டம் நடந்தது, நானும் ஒரு கூட்டத்தில் வெளிர்பச்சைக்காக வாதாடினேன், ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. பெட்டியின் வெளிப்புறம் மட்டும் யாரும் பேசாத விஷயம். கம்பெனி பெயர் தெரிந்தால் வழியில் காணாமல் போகிறது என்பதால் மேலே வெறும் பழுப்பு அட்டை, ஓர் எண், ஒரு முகவரி, அவ்வளவுதான்.

வரவேற்பு அட்டையின் பின்பக்கம் உதவிக்கு என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும், அது என் மேசையில் அடிக்கும். பெரும்பாலும் பனியன் சிறியதாக இருக்கிறது என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கூப்பிட்டாள், பின்னால் குழாய் ஓடும் சத்தம், நம் வீட்டுக் குழாய்தானோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். குளியலறைக்குள் நின்று பேசுகிறாளாம், வெளியில் கேட்கக்கூடாதாம். கணக்குச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது, குரலைக் கேட்டால் முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் அவளைக் கணக்குக்காரி என்று சொல்கிறேன். கணவர் வெளியூரில் வேலை, வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர். வீட்டில் மாமனார், நாத்தனார். மாமனார் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யார் எத்தனை மணிக்குக் கேட்டுக்குள் வந்தார்கள், யார் எத்தனை மணிக்குப் போனார்கள் என்று காலமெல்லாம் குறித்தவர். வாசற்படி தாண்டாத ஒருத்தி வேலைக்குப் போகிறாள் என்றால் அவர் மண்டையில் ஏறவில்லை. முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான். அதற்குள் இந்த மாதக் கடைசியிலேயே அவள் உட்கார்ந்து வேலை பார்க்கும் மூலை அறையை நாத்தனாரின் தையல் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவாகிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது, அங்கே நாள் முழுக்கத் தொலைக்காட்சி, அவள் வேலையிலோ ஓர் எண் தப்பினால் போச்சு.

பொறு, இனிமேல்தான் நம் பெட்டி வருகிறது. கம்பெனியிலிருந்து பெட்டி வரும், அப்போது நம்புவீர்கள் என்று அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். பெட்டி வந்தது, பழுப்பு அட்டை, ஓர் எண். மாமனார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொன்னார். வெளிர்பச்சைத் தாள், மெழுகுவத்தி, காலுறை, என் கையால் எழுதிய அட்டை. வேலை குடுக்கறவன் எவனாவது காலுறை அனுப்புவானா, நீயே ஆர்டர் போட்டு வாங்கியிருக்க என்றாராம். நாத்தனார் மெழுகுவத்தியை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனை நல்லா இருக்கு அண்ணி, இதுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டாளாம். அதுவரை பாதி சந்தேகமாக இருந்தது நாங்கள் அனுப்பிய அனுபவத்தால் முழுச் சந்தேகமாகிவிட்டது. அவள் என்னிடம் கேட்டது இதுதான்: “மேடம், உள்ள ஒண்ணும் வேணாம். காலிப் பெட்டியா இருந்தாலும் பரவாயில்ல. மேல எம்பேரும் கம்பெனி பேரும் பெருசா எழுதி அனுப்புவீங்களா?”

அனுபவம் சாரிடம் போனேன். ஓர் ஆளுக்கு ஒரு பெட்டிதான் மேடம், அதுவும் வெளிப்புறத்தில் அனுபவம் எதுவும் கிடையாது என்றார். சட்டப்படி பார்த்தால் சரிதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன், எதிரே தட்டில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டி போய்ச் சேருவதற்குள் வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடையது, ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. அதைப் பிரித்துக் காலுறையையும் மெழுகுவத்தியையும் வெளியே எடுத்தேன். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே வண்டிகளுக்கு எண் பலகை அடித்துக் கொடுக்கும் கடை இருக்கிறது, கடைக்காரரிடம் போய் ஒரு பலகை வேண்டும் என்றேன், எந்த வண்டி என்று கேட்டார், வண்டி இல்லை ஒரு மருமகள் என்றேன். அவர் தகரத்தை எடுத்து வைத்தார். அவள் பெயர், கீழே கணக்குச் சரிபார்ப்பாளர், அதற்கும் கீழே பணி நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. எழுத்தெல்லாம் தெருமுனையிலிருந்து படிக்கலாம் போல வந்தது.

பிறகு ஒரு கடிதம் எழுதினேன், அவளுக்கில்லை, அவள் மாமனாருக்கு. உங்கள் மருமகள் எங்கள் நிறுவனத்தில் பணியில் சேர்ந்திருக்கிறார், பணி நேரத்தில் இடையூறின்றி அவர் தம் இருக்கையில் இருப்பதைப் பொறுப்புள்ள பெரியவரான தாங்கள் கவனித்துக்கொள்ள வேண்டுகிறோம் என்று. ஒருத்தி தன் அறையில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்வதற்கு மாமனாரை மேற்பார்வையாளராக நியமித்துக் கடிதம் போடவா நான் கல்லூரிக்குப் போனேன் என்று கை கூசியது. கூசிய கையாலேயே கம்பெனி முத்திரையையும் குத்தினேன். நல்ல வார்த்தை சொல்லி அவர் மனதை மாற்ற எனக்கு வழியும் இல்லை, மாதக் கடைசிக்கு நாளும் இல்லை. பலகையையும் கடிதத்தையும் உள்ளே வைத்து, பெட்டியின் நான்கு பக்கமும் அவள் பெயரையும் கம்பெனி பெயரையும் ஒட்டினேன். கூரியர்காரருக்கு மின்னல் என்று பெயர், எவ்வளவு மெதுவாக வருவார் என்று இதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் சீருடை போட்டுக்கொண்டு போங்கள், அதிகாரி அம்மா இருக்காங்களா என்று வாசலில் நின்று சத்தமாகக் கேளுங்கள் என்றேன். எவ்ளோ சத்தமா என்று கேட்டார். பக்கத்து வீடு வரைக்கும் என்றேன்.

மாதம் முடிந்து நாலைந்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். குழாய்ச் சத்தம் இல்லை, சாதாரணக் குரலில் பேசினாள். பலகையை மாமனாரே கதவில் திருகாணி போட்டு மாட்டினாராம். தையல் இயந்திரம் கூடத்துக்குப் போய்விட்டது, தொலைக்காட்சி பகலில் கிடையாது. அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பழைய கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்துக் கட்டியிருக்கிறார், மேலே எங்கள் தொப்பி பனியன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தொண்டையைக் கனைக்கிறார். யார் வந்தாலும் ட்யூட்டில இருக்காங்க என்று திருப்பி அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை கணவர் சீக்கிரமே வந்து சேர்ந்தார், அவரையும் ஆறு மணி வரை கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். மகன்னா என்ன, ரூல் ரூல்தான் என்றாராம். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். அனுபவம் சாருக்கு விஷயம் தெரிந்து கூப்பிட்டார், வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டாருக்கான அனுபவம் என்று இதை ஒரு தனித் திட்டமாக ஆக்கலாமே என்று வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார், இது அவருக்கு முன்பே தோன்றியதாம்.

அன்று சிரித்து முடித்தபிறகும் கணக்குக்காரி போனை வைக்கவில்லை. பிறகு சொன்னாள்: “முன்னெல்லாம் நாத்தனார் பத்து தடவ கதவத் தட்டுவா மேடம். உப்பு எங்க, கத்தரிக்கோல் எங்கன்னு. எரிச்சலா வரும். இப்ப டீ வேணுமான்னு கேக்கக்கூட யாரும் தட்டறதில்ல. பலகைல போட்ட நேரத்த கொஞ்சம் மாத்த முடியுமா? நடுவுல ஒரு கால்மணி நேரம்.” பலகை தகரம், எழுத்து அடித்தது அடித்ததுதான், மாற்ற முடியாது, ஆனால் மாமனாருக்கு இன்னொரு கடிதம் போடலாம், காலையும் மாலையும் தேநீர் இடைவேளை உண்டு, அப்போது மருமகளைத் தனியாக விடக்கூடாது, இது நிறுவன விதி என்று. போட்டுவிட்டேன், முத்திரையோடு. அவர் அதையும் நிமிடம் தப்பாமல் நிறைவேற்றுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன், அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, நம்ம பொண்ணு கதவ அங்க யாரு தட்டுவா என்றார். உன் கதவைப் பூட்டி வைக்க அங்கே யாரும் இல்லை, திறக்கச் சொல்லவும் யாரும் இல்லை, நாள் முழுக்க வேலை பார்க்கும் கணினி முன்னாலிருந்து நீயாக எழுந்தால்தான் உண்டு, நீ எழுந்திருக்க மாட்டாய் என்பது உன்னைப் பெற்ற எனக்குத் தெரியும்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன், உன்னைக் கேட்கவில்லை. நேரத்துக்குத் தூங்கு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு, குளிர் வந்தால் காதை மூடிக்கொள், இதெல்லாம் எப்போதும் சொல்வது. புதிது இதுதான். உன் ஊர் நேரப்படி தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒருமுறை போன் அடிக்கும், நான்தான். எடுக்காதே. எடுத்தால் நீயும் அவசரமாகப் பேசுவாய், நானும் எதையாவது சொல்லித் தொலைப்பேன். மணி மூன்று தடவை அடித்து நின்றதும், யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோய்த் திறந்து பார். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள், பரவாயில்லை, எழுந்தாயே, அப்படியே ஒரு டீ போட்டுக் குடி.

நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் நன்றாக இரு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். சின்னவனும் விசாரித்ததாக எழுதச் சொன்னான், சுவரில் ஆணி விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னான். நான்கு மணி, மறந்துவிடாதே.

உன்
அம்மா