பதினான்கு கறுப்புக் கட்டங்கள்

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறார்?

நான் ஆன்லைனில் எடுக்கும் நர்சிங் வகுப்பில் பதினான்கு மாணவிகளும் காமிராவை அணைத்துவிட்டுக் கறுப்புக் கட்டங்களாக இருப்பார்கள் என்று சொன்னேன் இல்லையா? "புரிஞ்சுதா?" என்றால் ஒரு சத்தமும் வராது. "யாரும் கவனிக்கலன்னா வகுப்பையே நிறுத்திடலாம்" என்று மேலாளர் வேறு சொல்லியிருந்தார். அதை உங்களிடம் மறைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அசதியில் 2.5 மில்லிக்குப் புள்ளி வைக்காமல் 25 என்று எழுதிவிட்டேன். "கொடுத்துடலாமா?" என்று கேட்டதுதான் தாமதம், இதுவரை வாயே திறக்காத ஒருத்தி அலறினாள்: "ஐயோ மிஸ், புள்ளி எங்க? குழந்தை செத்துப்போயிடும்!" அடுத்த நொடி எல்லா மைக்கும் திறந்துகொண்டு ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வகுப்பின் பதிவைக் கேட்ட மேலாளர், "தப்பு உங்களோடதுதான். ஆனா வகுப்பு நடக்கட்டும்" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியது குத்துகிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது போனை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். மூன்று மாதமாக நம் வீட்டு மின்விசிறியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மூத்தவள்