பிரசங்கத்துக்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர்

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் பழைய சபையில் மணியடிக்கிறவன் எழுதுவது. புது ஊர் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒத்துக்கொண்டதா? நாலு முறை போன் செய்தேன். ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்று உங்கள் குமாஸ்தா ஒரே பாட்டைப் பாடினார். அதனால்தான் நம் சபைத் தச்சர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் வாங்காமல் அவர் உங்கள் வாசலை விட்டு நகரமாட்டார்.

இங்கே ஒலிபெருக்கி மறுபடியும் கரகரக்கிறது. புதிய போதகர் மெதுவாகப் பேசுகிறவர். பின்பெஞ்சுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். உங்கள் காலத்தில் அவர்களுக்கு அந்தச் சுகம் வாய்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி படுத்த படுக்கையாகிவிட்டாள். செருப்பு கடித்த சின்னப் புண்தான். பெருவிரல் கறுத்து, இப்போது பாதம் வரை ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பாதத்தை எடுத்து, சர்க்கரைக்கான ஊசியையும் மறுபடி தொடங்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இவள் மாட்டவே மாட்டேன் என்கிறாள். இன்று புதன்.

ஊசியை ஏன் நிறுத்தினாள் என்று உங்களுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன், நீங்கள் மாற்றலாகிப் போகுமுன் வந்த கடைசி ஞாயிறு, பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் கஷ்டப்பட்ட பெண்ணைப் பற்றிப் பிரசங்கித்தீர்களே, அதுதான். வைத்தியர் பலரிடம் போயும் நோய் முற்றிப்போனவள், இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட நொடியில் சுகமானாள் என்றீர்கள். இன்னும் எத்தனை நாளைக்கு மருந்துச் சீசாவை நம்பப்போகிறாய் மகளே என்று கேட்டு மேசையைத் தட்டினீர்கள். இவளுக்குச் சர்க்கரை வந்தும் பன்னிரண்டு வருஷம். கேட்டது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் இன்சுலின் புட்டிகளைக் குப்பையில் போட்டாள்.

நானும் குற்றவாளிதான். அன்று எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான். அந்தப் பிரசங்கத்தைப் பதிவு செய்து அவள் போனில் ஏற்றிக் கொடுத்தவனும் நானே. தலைமாட்டில் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது, மன்னியுங்கள்.

சண்டை போட்டும் பார்த்தேன். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார், ஆனாலும் புண்ணில் அத்திப்பழத்தைப் பற்றுப் போடச் சொன்னாரே ஏசாயா தீர்க்கதரிசி, அது மருந்தில்லையா என்று கேட்டேன். முப்பது வருஷம் பிரசங்கம் கேட்டவனுக்கு இதுகூடவா தெரியாது? அவள் சிரித்தாள். நீங்க மணி அடிக்கிறவர், ஐயா சொன்னா கேக்கிறேன் என்றாள்.

ஐயா, அந்த ஞாயிறு காலை ஆலயத்தின் பின்னறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். அங்கியை மாட்டிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பியை எடுத்தீர்கள். வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சளில் பாதி. பிரஷருக்கு, ஒரு நாள் விட்டாலும் தலை சுற்றும் என்று நீங்களே சொன்னீர்கள். தம்ளரில் தண்ணீர் கொடுத்தது நான். அதைக் குடித்துவிட்டுத்தான் பிரசங்க மேடை ஏறினீர்கள்.

நேற்று இதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஊழியக்காரரைப் பற்றி இப்படிப் பொய் சொல்ல நாக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

எனக்கு வசனமோ ஆறுதலோ வேண்டாம். அந்த மாத்திரையைப் பற்றி இரண்டே வரி எழுதித் தச்சரிடம் கொடுங்கள். நாளைச் சாயங்கால வண்டியில் அவர் திரும்பிவிடுவார். அவள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தது இருக்கிறது, உங்கள் கையெழுத்து அவளுக்கு அடையாளம் தெரியும். சபையில் ஒருவருக்கும் காட்டமாட்டேன். அவள் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

இந்த மாதம் மூன்று முறை சாவுமணி அடித்தேன். இவளுக்கும் என்னையே அடிக்க வைத்துவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும் ஐயா. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அன்று தண்ணீர் கொடுத்த மணிக்காரன்