படி எழுதாத தீர்ப்பு

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை

அருணுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மும்பை மழையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெனாசிர் போன வாரம் வந்திருந்தாள். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். அவர்களுடைய விழுப்புரம் கிளையில் யாருடைய ரத்தத்தையோ மாற்றி வைத்துவிட்டாள் என்று சொல்லி, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போகாமல், ஒப்பந்தத்தில் சொன்னபடி தனி நடுவர் ஒருவரிடம் போய் அவள் தோற்றுவிட்டாள். தீர்ப்பின் வக்கீல் இங்கிலீஷ் புரியாமல் என்னிடம் கொண்டுவந்தாள். "தோத்தது கூட பரவால்ல சார். நான் விழுப்புரத்துல வேலையே பாக்கலன்னு சொன்னனே, அதுக்கு இவுரு இன்னா பதில் போட்டுக்கிறாரு, படிச்சி சொல்லுங்க" என்றாள். தேடினேன். குற்றம் நிரூபணமானது, கோரிக்கை தள்ளுபடி, அவ்வளவுதான். எந்த மடையன் எழுதினான் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் உன் கையெழுத்து. என் மகன் என்று நானே சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயை அவள் கீழே வைத்துவிட்டாள்.

போனில் கேட்டதற்கு, "சின்ன கேஸ்ப்பா, இதுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதுவாங்களா" என்றாய். அந்தச் சின்ன கேஸால் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள், ரத்தத்தை மாற்றினவள்தானே என்று கேட்டு. ஒன்பதாம் வகுப்பில் உன் விடை சரியாக இருந்தும் நான் பாதி மார்க் வெட்டினேனே, நினைவிருக்கிறதா? விடை எப்படி வந்தது என்று படி எழுதாதவன் பக்கத்துத் தாளைப் பார்த்திருக்கலாம் என்றேன், நீ கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. பார்த்து எழுதினவனை வாத்தியார் எப்படிப் பிடிப்பார்? இரண்டு தாளிலும் ஒரே தப்பு இருக்கும். பெனாசிர் விழுப்புரம் கிளை ஊழியர் என்று கம்பெனி கொடுத்த பதிலில் ஒரு வாக்கியம், உன் தீர்ப்பிலும் அதே வாக்கியம். அவள் திண்டிவனத்தை விட்டு எந்தக் கிளைக்கும் போனதில்லை, வருகைப் பதிவையும் உன்னிடம் கொடுத்திருக்கிறாள். அதை ஏன் நம்பவில்லை என்று ஒரு வரி எழுத உட்கார்ந்திருந்தால் தப்பு உன் கண்ணிலேயே பட்டிருக்கும். காரணம் வேண்டாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஒழிய, எழுதித்தான் ஆகவேண்டும் என்று சட்டமே சொல்கிறதாமே. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னை நியமித்தது கம்பெனி என்பதும் எனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் வேறு மாதிரி போய்விடும்.

வியாழக்கிழமை அவளை விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போகிறேன். உன் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனு போடப்போகிறோம். அம்மா, "பெத்த புள்ளைக்கே மார்க்கு கொறச்ச மனுசன், இப்பவும் கொறச்சிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல புத்தியையும் தரட்டும். பிரஷர் மாத்திரையை விடாதே. கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டுக்கு வர வேண்டாம். சின்ன விஷயம்தானே, காரணம் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சவுரிராயன்