ஏழாம் நம்பர் இடத்துத் தண்ணீர்

ஜூன் 30, ஞாயிறு

குழாயைத் திறந்தால் மறுபடியும் அழுகின முட்டை வாசம். என் வீட்டுக்காரர் டுவேன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வாசலில் கொட்டினார். டிரெய்லரின் டேங்கைப் பிளீச் ஊற்றிக் கழுவியே ஆக வேண்டும். போன வருஷம் வரை அது அவர் வேலை. முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் வண்டிக்கு அடியில் தவழ முடிவதில்லை. இந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஊத்தறது பெரிசில்ல மார்லிஸ், அடியில இருக்கற மூடியத் திறந்து வடிச்சதும் ஞாபகமா மூடணும்" என்றார். காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவளுக்குப் பாடம் எடுக்கிறார்.

ஜூலை 1, திங்கள்

காட்டு முகாமில் சுதந்திர தின விடுமுறைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. காலையில் கழிப்பறைகள், அப்புறம் விறகு, அப்புறம் எல்லோருக்கும் அதே தண்ணீர்ப் பாட்டு. சூரிய ஒளியில் ஓடுகிற சின்ன பம்பு கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறது. அதைத்தான் முகாம் முழுக்கக் குடிக்க வேண்டும். அதனால் கேனில் பிடிக்கலாம், டியூப் மாட்டி டிரெய்லரை நிரப்பக் கூடாது. பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. யாருமே படிப்பதில்லை. டியூப் மாட்டும் மரையுள்ள குழாய் பொறுப்பாளர் இடத்தில் மட்டும்தான், அதாவது எங்கள் இடத்தில். மற்ற குழாய்கள் மழமழவென்று இருக்கும்.

இந்தச் சின்ன அதிகாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூலை 2, செவ்வாய்

ஏழாம் நம்பருக்கு யாக்கிமா பக்கத்திலிருந்து ஸ்பானிஷ் பேசும் ஒரு குடும்பம். ஒஸ்வால்டோ பரேரா, மனைவி யெசேனியா, அவனுடைய அம்மா. ஆப்பிள் தோட்டத்தில் மேஸ்திரியாம். டிரெய்லர் மச்சானிடம் இரவல் வாங்கியது, கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். நாலாம் தேதி அம்மாவுக்கு எழுபது வயது. அதைக் கொண்டாடத்தான் வந்திருக்கிறார்கள்.

கீழே ஹால்ஸ்டன் ஊரில் தண்ணீர் நிரப்பும் இடம் பழுது, டேங்க் காலி, இங்கே நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டான். கேன் மட்டும்தான் என்றேன். "சரிங்க மேடம்" என்றான், முகத்தைச் சுளிக்கவில்லை. சாயங்காலம் முழுக்க இரண்டு கைகளிலும் கேன்களைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கும் டிரெய்லருக்கும் நடந்தான். அம்மா புனலைப் பிடித்துக்கொள்ள, அவன் ஊற்றினான். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாவம்டீ, நம்ம டியூபக் குடுத்தா என்ன?" என்றார் டுவேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன்.

நம் டேங்கில் பிளீச் ஊற்றி ஊற வைத்தாயிற்று.

ஜூலை 3, புதன்

மதியம் வண்டிக்கு அடியில் தவழ்ந்து மூடியைத் திறந்து பிளீச் தண்ணீரை வடித்தேன். முட்டி எல்லாம் சரளைக்கல். இருட்டும் நேரத்தில் நல்ல தண்ணீருக்கு டியூபை மாட்டினேன். அதற்குள் பன்னிரண்டாம் நம்பரில் வெடிச்சத்தம். இந்தக் காய்ந்த காட்டில் வாணம் விடுகிறார்கள், மடையர்கள். போய்க் கத்தி, எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் உடம்பு விட்டுவிட்டது. படுக்கப் போகிறேன்.

ஜூலை 4, வியாழன்

தொட்டி காலி. மொத்தத் தொட்டியும்! காலையில் எட்டாம் நம்பர் மர்வின் ஃபீலன் வெறும் கேனோடு வந்து நின்றார். எந்தக் குழாயிலும் காற்றுதான் வருகிறது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நேரே ஏழாம் நம்பருக்குப் போனேன். டிரெய்லருக்கு அடியில் சுருட்டி வைத்த டியூப், அதன் நுனியில் ரப்பர் உறை. மரை இல்லாத குழாயிலும் அதைச் சொருகித் தண்ணீர் எடுக்கலாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாதி முகாம் பின்னால் வந்து நின்றது. அந்த டியூப் மச்சானுடைய வண்டியோடு வந்தது, தொடவே இல்லை என்றான். "கேன்லதான் ஊத்தினோம் மேடம். நீங்களே பாத்தீங்களே." எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்றேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். கை காட்டி நிறுத்தினேன். மூட்டை கட்டு, மதியத்துக்குள் கிளம்பு என்றேன்.

அம்மா மேஜையில் காகிதப் பூக்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது போல. மகன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தேன். காட்டு அலுவலகத்து ஜானெலுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

அவர்கள் போன பிறகு ஃபீலன் ஒரு கேன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். காபி போட்டேன். முட்டை வாசமே இல்லை. இரண்டு கோப்பை குடித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவ நம் டேங்க்தான் நேற்று நிரப்பினதாயிற்றே என்று உள்குழாயைத் திறந்தேன். பம்பு தடதடவென்று அடித்துக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை.

வெளியே வந்து பார்க்கிறேன், டியூப் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. குழாய் முழுக்கத் திறந்திருக்கிறது.

அடியில் தவழ்ந்தேன். மூடி கல் மேல் கிடந்தது. நேற்று மதியம் நான் வைத்த இடத்தில், அப்படியே.

ராத்திரி முழுக்கத் தொட்டித் தண்ணீர் மேலே டேங்குக்குள் போய், அடியில் மூடியில்லாத ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. மூடியைப் போட்டிருந்தால் டேங்க் நிரம்பி வழிந்து சத்தமாவது கேட்டிருக்கும். சத்தமே இல்லாமல் பின் சரிவில் ஓடி, ஊசியிலைகளை எல்லாம் அடித்துக்கொண்டு போய்ச் சாலையோரப் பள்ளத்தில் ஒரு வாய்க்காலே வெட்டியிருக்கிறது.

நான்தான். அய்யோ, நான்தான்.

என் அலறல் கேட்டு டுவேன் கைத்தடியோடு வந்தார். வாய்க்காலைப் பார்த்தார். தடியால் ஊசியிலைகளைத் தள்ளித் தள்ளி அதை மூட ஆரம்பித்தார். என்ன பண்றீங்க என்றேன்.

"இந்த இடமும் போச்சுன்னா எங்க போய் நிக்கிறது? வீட்ட வித்தாச்சு மார்லிஸ். அவங்க போயாச்சு. விடு."

விட்டேன். நானும் காலால் இரண்டு தள்ளு தள்ளினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிற்று. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். பன்னிரண்டாம் நம்பர் வாணக்காரன்கூட "சரியான ஆளுங்க நீங்க" என்றான். ஃபீலன் மனைவி காட்டுப்பழம் வைத்து ஒரு பலகாரம் சுட்டுத் தகரத்தட்டோடு தந்தாள். சாப்பிட முடியவில்லை. டுவேன் சாப்பிட்டார்.

கேனுக்கு நன்றி சொன்னேன். எனக்கு நன்றி எதற்கு என்றார் ஃபீலன். "அந்த ஏழாம் நம்பர் பையன் போறப்போ அவன் டேங்க வடிச்சு எங்க கேனெல்லாம் ரொப்பிக் குடுத்தான். வயசானவங்க இருக்கீங்க, வெச்சுக்கங்கன்னான். திருட்டுத் தண்ணிதானே, திருப்பிக் குடுத்துட்டான்னு நெனச்சேன்."

அப்படியென்றால் நான் குடித்த இரண்டு கோப்பை? அவன் கையால் தூக்கி, அவன் அம்மா புனல் பிடித்த தண்ணீர். துரத்திவிட்டு உட்கார்ந்து, ருசித்து —

எழுத முடியவில்லை.

ஜூலை 6, சனி

ஜானெல் வந்தாள். பரேரா குடும்பம் இந்த வருஷமும் அடுத்த வருஷமும் இந்தக் காட்டு முகாம் எதிலும் தங்க முடியாதாம். "உங்க வார்த்தையே போதும் மார்லிஸ், வேற விசாரணை வேணாம்" என்றாள். பின்னால் பள்ளத்தில் மண் அரித்திருக்கிறதே, மழை பெய்ததா என்று கேட்டாள். டுவேன், லாரி திரும்பும்போது சிந்தியிருக்கும் என்றார். எவ்வளவு இயல்பாகச் சொன்னார்! இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்னார்.

ஒரு கேள்வி இரண்டு நாளாகக் குடைகிறது. அந்த ரப்பர் உறை ஃபீலன் வண்டிக்கு அடியில் கிடந்திருந்தால்? காபி குடிக்க வாங்க என்றிருப்பார், உட்கார்ந்து விசாரித்திருப்பேன். அவரை நோக்கிக் கை காட்டி வாயை மூடச் சொல்லியிருப்பேனா? முதலில் அவர் இடத்துக்குப் போயே இருக்க மாட்டேன். குழாய் வறண்டது என்று கேட்டவுடன் கால் தானாக ஏழாம் நம்பருக்குத்தானே நடந்தது. மூடியை மறந்தது மறதி. இதற்கு என்ன பெயர்?

பஸ் ஓட்டின காலத்தில் பின் சீட்டில் எந்தப் பையன் கத்தினாலும் கண்ணாடியில் நான் முதலில் எந்த நிறத்துப் பையனைத் தேடுவேன் என்பதும் ஞாபகம் வருகிறது. போதும்.

ஜூலை 7, ஞாயிறு

டுவேனிடம் சொல்லிவிட்டேன், நான் ஜானெலுக்குப் போன் பண்ணப் போகிறேன் என்று. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் மேட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில். பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறேன், தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வருகிறார். "தனியா நின்னு திட்டு வாங்காத" என்றார்.

ஜானெல் திட்டவில்லை. தடையை இன்றைக்கே நீக்குவதாகச் சொன்னாள். எங்களுக்கு மாதக் கடைசி வரை அவகாசம். அதற்குப் பிறகு வேறு ஆள்.

அப்புறம் ஒவ்வொரு இடமாகப் போய்ச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அவனைச் சொன்னேனே, எல்லோரிடமும்தான் என்னைச் சொல்ல வேண்டும். வாணக்காரன் சிரித்தான். ஃபீலன் மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தத் தகரத் தட்ட கழுவித் தர்றீங்களா?" என்றாள். அவ்வளவுதான். கழுவிக் கொண்டு போனபோது கதவைப் பாதிதான் திறந்தாள்.

ஜூலை 8, திங்கள்

முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்காமலே கழுவப் பழகிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

பரேரா நம்பரை ஜானெல் தரவில்லை. அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், விருப்பமிருந்தால் அவர்களே கூப்பிடட்டும் என்றிருந்தாள். இன்று நான் மேட்டில் நிற்கும்போது யெசேனியா கூப்பிட்டாள். ஒஸ்வால்டோவுக்குப் பேச இஷ்டமில்லையாம்.

மன்னிப்பு கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"போற வழியில பெட்ரோல் பங்க் ஓரத்துல நிறுத்தித்தான் கேக் வெட்டினோம். அத்தை ஒரு துண்டு கூடத் தொடல. நீங்க தப்பா நெனச்சுட்டீங்க, சரி, யாரும் நெனக்கலாம். அவர் பேச வந்தாரு பாருங்க, அப்போ கையக் காட்டினீங்களே. அத்தை அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்காங்க."

அந்தத் தண்ணீரை நான் குடித்தேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன், அவளுக்கு அது எதற்கு? "அது உங்களுக்காகக் குடுத்ததில்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

நியாயம்தான்.

ஜூலை 30, செவ்வாய்

புதுப் பொறுப்பாளர்கள் வந்துவிட்டார்கள். சாவிகளைக் கொடுத்தேன். எங்கள் இடத்துக் குழாயைக் காட்டி, வண்டிக்கு அடியில் மூடி இருக்கிறதா பார்த்துவிட்டு டியூபை மாட்டுங்கள் என்றேன். அந்தப் பெண், அதெல்லாம் தெரியும் என்ற மாதிரிச் சிரித்தாள். டுவேன் மூடியைப் பற்றிச் சொன்னபோது நானும் அப்படித்தான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாலாவது முகாம் இது. எங்கும் இரண்டு மூன்று நாளைக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. டுவேன் குறை சொல்வதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு காட்டு முகாம். இங்கேயும் கேன் மட்டும்தான். குழாய் தூரம், வழி ஏற்றம். நான் தூக்கி வர, டுவேன் நாற்காலியில் உட்கார்ந்தபடி புனலைப் பிடித்துக்கொண்டார். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. நடு நடுவே அடியில் குனிந்து மூடியைத் தொட்டுப் பார்த்தேன், தேவையில்லை என்று தெரிந்தும். பொழுது சாய்வதற்குள் டேங்க் நிரம்பி வழிந்தது. சத்தம் கேட்டது.

இங்கே பொறுப்பில் இருப்பவள் சின்ன வயசு, சட்டையில் பெயர்ப் பட்டை பளபளக்கிறது. வழிகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் பழைய டியூப் படிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கேன்லதானே ஊத்தினீங்க?"

"கேன்லதாம்மா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, டியூபைக் காலால் தட்டிப் பார்த்தாள், ஈரமா என்று. டுவேன் எழுந்திருக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.