துரும்புக்கு ஒரு கோட்டு

அவனியாபுரம்,
தாது வருடம், பங்குனி மாதம்.

கொழும்பு நகரில் உத்தியோகம் பார்த்துவரும் மகாராஜராஜஸ்ரீ தவசி அவர்கள் சமூகத்திற்கு, மனைவி சோணையம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் மாசியிலேயே கிடைத்தும் பதில் தாமதித்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். கோட்டு வேலை முடிந்த பிறகே எழுதுவதென்று இருந்தேன்.

இதைப் பிறர் எழுதித் தந்ததாக எண்ண வேண்டாம். தாங்கள் கப்பலேறிய பின் கடைப் பலகைகளையும் பழைய பத்திரிகைகளையும் பார்த்து நானே எழுத்துக் கற்றேன். தங்கள் பெயரை வாயால் சொல்லத்தான் எனக்குத் தடை. எழுதக்கூடாதென்று எவரும் சொல்லவில்லை.

வைகாசியில் அங்கே வேறொரு பெண்ணை மணக்கப்போவதாகவும், நம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டையும் கால்சட்டையையும் செப்பனிட்டு அனுப்பும்படியும் உத்தரவிட்டிருந்தீர்கள். அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஆம்பள ரெண்டு கட்டுனா என்னடி, கோட்டு தேஞ்சா போகும்?" என்றார்கள். தங்கள் தாயார் சுகமே.

கோர்ட்டில் எந்த வக்கீலின் கோட்டையோ பார்த்துவிட்டு, சித்திரை வெயிலிலும் கறுப்புக் கம்பளித் துணிதான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேர்ந்தவர் தாங்கள். வேர்வையில் சாயம் இறங்கி, தாங்கள் பிடித்த என் கை கறுத்துப்போனது. "மாப்ள பொண்ணுக்கு இப்பவே கரி பூசிட்டாருடோய்!" என்று பந்தலே சிரித்தது. வரப்போகிறவள் அஞ்ச வேண்டியதில்லை. இறங்க வேண்டிய சாயமெல்லாம் என் கையிலேயே இறங்கிவிட்டது.

அவளுக்குச் சொல்லிவைக்கவும்: உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்துணி விரித்து அதன்மேல்தான் இஸ்திரி போட வேண்டும்; நேரே போட்டால் பளபளப்பு ஏறிவிடும். மடிப்புக்குள் வேப்பிலையும் பாச்சை உருண்டையும் வைக்க வேண்டும். கட்டியவர் திரும்பி வருவார் என்று நம்பி இத்தனை வருடம் இதையெல்லாம் செய்தவள் சொல்கிறேன். தையற்காரர் அப்துல் வஹீது கடிதத்தோடு வந்த தங்கள் புதுப்படத்தைப் பார்த்து, "மாப்ள வயிறு எம்புட்டு வளந்துபோச்சு!" என்று பித்தான்களை நகர்த்தித் தந்தார்.

பொட்டலத்தில் வைக்கோல் பரப்பிக் கட்டச் சொல்லியிருந்தீர்கள். ஒரு துரும்புகூட வைக்கவில்லை. நம் வழக்கத்தில் துரும்பு கொடுத்துக் கல்யாணத்தை முறித்துப் பெண்ணை விடுவிக்க வேண்டியவர் ஆண். நான் முந்திக்கொள்வது முறையன்று. "துரும்பு மட்டும் கேட்காதே, அம்மாவுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும்" என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். கஞ்சி ஊற்றக் கூலிக்கு ஆள் கிடைக்கும். எனக்கு வயது இருபத்தாறு. துரும்பு கைக்கு வந்தால்தான் நான் வேறு வாழ்க்கை தேடலாம்.

பொட்டலத்தைக் கொண்டுவருபவர் தங்கள் சித்தப்பா மகன் மலைச்சாமி. அவர் முன்னிலையில் துரும்பைக் கிள்ளி அவரிடமே கொடுத்தனுப்பவும். அவர் சாட்சி போதுமென்று ஊரார் ஒப்புக்கொண்டார்கள்.

கோட்டுக்கு வலக்கை இராது. நான் கத்தரிக்கவில்லை; தையலைப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன். நம் கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டியெறிந்துவிட்டு, மீதியைத்தான் பெண் வீட்டாரிடம் காட்டினீர்கள் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதில் கண்ட அதே கோட்டில்தான் மாப்பிள்ளை வரவேண்டும் என்கிறார்களாம். என்னை வெட்டியபோது, என்னைப் பிடித்திருந்த தங்கள் வலக்கையும் சேர்ந்து போயிருக்கும். ஆகையால் அவர்கள் படத்தில் கண்டபடியே அனுப்பியிருக்கிறேன். அங்கே புதுக் கை வைக்கலாம்; ஆனால் இந்த வெளுத்த கறுப்புக்கு ஈடான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

துரும்பு வந்து சேரும் அன்றே கை தபாலில் புறப்படும். கால்சட்டை முழுதாக இருக்கிறது. தாங்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இன்றுவரை தங்கள் மனைவி,
சோணையம்மாள்.

பதில் சீக்கிரம் அனுப்பவும்.