கோப்பில் இருந்த வீடு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் சுகம்தானே?

சொத்துவரி நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருடத்தைப்போல மூன்று மடங்கு. நம் வீடு கடையாம். ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின் இருந்தால் வீடு கடையாகிவிடுமா? நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே வரி போட்ட மகானுபாவர் யாரோ தெரியவில்லை. இவ்வளவு கட்டச் சொன்னால் நான் வீட்டை விட்டுத்தான் போக வேண்டும்.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்பா போன பிறகும் பத்திரம் அவர் பெயரிலேயே இருப்பதால் நீங்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது. மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் தங்கை

மார்ச் 13

தங்கைக்கு,

ஆசிகள். துணி தைக்கிற உனக்கு எதற்குச் சட்டப் பேச்சு? ஆபீஸில் போட்டால் போட்டதுதான். நாலு தடவை அலையவிட்டால் நீயே ஓய்ந்துவிடுவாய்.

வீட்டை விற்றுவிடலாம், ஆள் பார்த்துவைத்திருக்கிறேன். நீ எங்கள் மாடி அறையில் தங்கிக்கொள். அண்ணிக்கும் சமையலில் கையுதவியாக இருக்கும். மனுவில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

உன் நல்லதை நினைக்கும்
அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

குடியிருப்பவர் கையெழுத்தே போதும் என்று குமாஸ்தா சொன்னார். கரண்ட் பில், வீட்டு போட்டோ எல்லாம் இணைத்து மனு கொடுத்தேன். அதிகாரி டேப்போடு நேரில் வந்தார். இரண்டு அறைகளையும் அளந்துவிட்டு, கோப்பைப் பார்த்தபடியே வீட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

“பின்னாடி ரூம் எங்கம்மா? லெட்டர்ல இருக்கே?”

“அது மழையில இடிஞ்சு ஒம்பது வருஷம் ஆச்சு சார்.”

எந்த லெட்டர் என்று கேட்டேன். மனு கொடுத்தவர் கோப்பைப் பார்க்கலாமாம், காட்டினார். பெயர் போடாத புகார். முன்னறை தையற்கடை, பின்னறை வாடகைக்கு என்று எழுதியிருந்தது. கையெழுத்தை மாற்ற நீங்கள் பட்ட பாடு தெரிந்தது. ஆனால் அந்த அறை இன்னும் நிற்பதாக நினைக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். பால்காரருக்குக்கூட அது இல்லையென்று தெரியும்.

அந்தச் சுவர் அப்பா காலில்தான் விழுந்தது. அதை எழுதி ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பிரித்தே பார்க்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அப்பா காரியத்துக்கும் நீங்கள் வரவில்லை. திருட்டுத்தனம் செய்வதற்காவது ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்திருக்கலாம். அதற்கும் சோம்பல். உங்களைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புத்தான் வருகிறது.

கடை இல்லை என்று எழுதிவிட்டார்கள். பழைய கணக்கிலேயே இருந்துவந்த பின்னறையையும் நீக்கியதால் வரி பழையதைவிடக் குறைந்துவிட்டது. உங்கள் புண்ணியம்.

புகார் எழுதியது யார், தெரியுமா என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாதவர் என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
தங்கையாக இருந்தவள்